மைனியின் போஸ்டர் படமும் வடகரைப் பெட்டியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் மளிகைச் சிட்டைதான். மறதியும் சேர்ந்துகொண்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பால் வாங்கக் கிளம்புகிற ஆள் நான். அதனால் முன்னே வரவேண்டியது பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் இரண்டு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தால் எனக்கு வாய் திறக்காது. தாளில் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் என் மைனியைப் பற்றியது. மைனி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான். மைனி குற்றாலத்தில் தனியாக இருக்கிறாள். சீசனுக்கு வருகிறவர்களுக்கு மாடி அறைகளை வாடகைக்கு விடுவாள். அவர்கள் போனபிறகு, அவர்கள் குளித்த லட்சணத்தையும் விட்டுப்போன எண்ணெய்ப் பிசுக்கையும் அடுத்த சீசன் வரை திட்டிக்கொண்டிருப்பாள். போன ஐப்பசியில் அவளுக்கு நெஞ்சு வலி வந்தது. திருநெல்வேலியில் பார்த்துவிட்டு, ஆபரேஷன் பண்ணியே ஆகவேண்டும், திங்கட்கிழமை வந்து படுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எல்லாம் தயார். பை கட்டியாயிற்று, பூனைக்குச் சோறு வைக்க ஆள் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் எனக்குப் போன் வந்தது.

"ஏட்டி, நான் ஆஸ்பத்திரிக்கு வரல."

"என்ன மைனி இது, பயமா இருக்கா?"

"பயமாவது ஒண்ணாவது. என் போஸ்டர் படத்த இன்னும் கண்ணால பாக்கல. அதப் பாக்காம அந்தப் படியில காலெடுத்து வைக்க மாட்டேன்."

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் பொழுது சாய்வதற்குள் போஸ்டர் அடித்து ஊரெல்லாம் ஒட்டிவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவர், டீக்கடைத் தட்டி, கரண்டுக் கம்பம், எதையும் விடமாட்டார்கள். உயிரோடு இருந்தபோது ஏறிட்டுப் பார்க்காதவன்கூட டீக்கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முகத்தை நிதானமாகப் பார்ப்பான். கடைசியாக ஊர் பார்க்கிற முகம் அதுதான்.

அண்ணன் செத்த அன்று போஸ்டர் வேலையை என் தம்பி எடுத்துக்கொண்டான். வடகரையில் நெல்லும் தென்னையும் வைத்துப் பிழைக்கிறவன், எல்லாவற்றிலும் வேகம். கையில் கிடைத்த படத்தைக் கொடுத்து அடித்துக்கொண்டு வந்துவிட்டான். அது அண்ணன் தும்முவதற்குக் கொஞ்சம் முன்னால் எடுத்த படம். ஒரு கண் மூடி, ஒரு கண் பாதி திறந்து, வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கிறான். என் அண்ணன் வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டில் போஸ்டரைப் பார்த்தவர்களெல்லாம், "ஓ, அதான் போயிட்டாரா" என்று தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினார்கள். மைனி அன்றிலிருந்து என் தம்பியோடு பேசுவதில்லை.

தனக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று மைனி தன் படத்தைத் தானே தேர்ந்து வைத்திருந்தாள். ஐந்தருவியில் குளித்துவிட்டு வரும்போது எடுத்த படம். "இல்லேன்னா இவனுவ அடையாள அட்டையில இருக்க படத்தப் போட்டுருவானுவ. அதுல நான் கோழி திருடி மாட்டுனவ மாதிரி இருக்கேன்" என்பாள்.

அந்தப் படம் எங்கே இருக்கிறது என்பதில்தான் வில்லங்கம்.

மைனியின் மகள், எனக்கு மருமகள் முறை, திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். குடும்பப் படங்களை முகம் தெரியாத கம்பெனிக்காரனிடம் கொடுக்கக்கூடாது என்பது அவள் கட்சி. அதற்காக எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்னப் பெட்டி வைத்தாள். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு. தென்காசியில் என் வீட்டில் அது பிரிட்ஜ் மேல் இருக்கிறது. குற்றாலத்தில் மைனி வீட்டில் டிவி பக்கத்தில். வடகரையில் தம்பி வீட்டில் ஒன்று, திருவனந்தபுரத்தில் அவள் வீட்டில் ஒன்று. இந்தப் பெட்டிகளுக்கு நடுவில் பெரிய முதலாளிப் பெட்டி என்று எதுவும் கிடையாது. அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். நாம் போனில் படங்களின் லிஸ்டைக் கேட்டால், நம் பெட்டி மற்ற பெட்டிகளைப் பார்த்து, "இது உங்க யாருகிட்ட இருக்கு?" என்று கேட்கும். வைத்திருக்கிற பெட்டி எடுத்துக் கொடுக்கும். எல்லாவற்றையும் எல்லாப் பெட்டியும் சுமக்க முடியாது என்று, இன்னார் படம் இன்ன இரண்டு வீட்டில் என்று பிரித்து வைத்திருந்தாள். மைனியின் படங்கள் குற்றாலத்திலும் வடகரையிலும் இருந்தன. ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும் என்ற கணக்கு.

வெளியாள் உள்ளே வராமல் இருக்க எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாவி. இரும்புச் சாவி இல்லை. எழுத்தும் எண்ணுமாக ரயில் மாதிரி நீண்டுகொண்டு போகும். அதைப் பெட்டிக்குள்ளேயே எழுதி வைத்திருப்பாள். ஒரே சாவி வைத்திருக்கிற பெட்டிகள்தான் ஒன்றோடொன்று பேசும்.

"நம்ம குடும்பம் மாதிரியேதான் அத்தை" என்றாள் மருமகள். எங்கள் குடும்பம் பேசிக்கொள்கிற லட்சணம் தெரிந்தும் சொன்னாள்.

ஆடியில் சாரல் வலுத்தபோது குற்றாலத்துப் பெட்டி செத்துப்போனது. சீசனில் அங்கே ஜாக்கெட் காயாது, தீப்பெட்டி பற்றாது, உப்பு ஜாடியில் கரண்டி நீந்தும். பெட்டி மட்டும் என்ன செய்யும்? மைனி அதைப் பழைய இரும்பு வாங்க வருகிறவரிடம் ஓட்டை அண்டாவோடு சேர்த்துப் போட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கிக்கொண்டாள். மருமகள் கேட்டு அலறிவிட்டாள்.

"அம்மா, நம்ம சாவி அதுக்குள்ளதான இருக்கு! யாரு கையில போயிருக்கோ?"

"வாளி நல்ல கெட்டி வாளிட்டி. வந்து பாரு" என்றாள் மைனி.

வீட்டுச் சாவி தொலைந்தால் பூட்டை மாற்றுகிற மாதிரி, எல்லாப் பெட்டிக்கும் சாவியை மாற்றவேண்டும் என்று மருமகள் சொல்லிவிட்டாள். புரட்டாசியில் வந்து, புதுச் சாவி போட்ட புதுப் பெட்டியைக் குற்றாலத்தில் வைத்துவிட்டுப் போனாள். மற்ற பெட்டிகளுக்கு, வருகிற சரஸ்வதி பூஜை லீவில் திருவனந்தபுரத்தில் இருந்தபடியே மாற்றிவிடுகிறேன் என்றாள். அதன்படி அன்று காலையில் எங்களுக்கெல்லாம் போன் பண்ணி, "பெட்டியில பச்சை லைட் எரியுதா?" என்று கேட்டாள். என் வீட்டிலும் எரிந்தது, தம்பி வீட்டிலும் எரிந்தது. அவ்வளவுதான், அதோடு எல்லோரும் அதை மறந்துவிட்டோம். மைனிக்கு நெஞ்சு வலி வந்து, போஸ்டர் ஞாபகமும் வந்தபிறகுதான் மறுபடி பெட்டியைத் தேடினோம்.

மைனி தன் போனில் தன் படங்களின் லிஸ்டைத் திறந்தால், அது சுற்றிக்கொண்டே இருந்தது. இல்லை என்றாவது சொல்லித் தொலைக்கலாம். அதுவும் சொல்லாது. தெருவில் நின்று "என் கோழியப் பாத்தீங்களா?" என்று கேட்டு, ஒரு வீட்டிலிருந்தும் பதில் வராவிட்டால் என்ன அர்த்தம்? யாரும் பார்க்கவில்லையா, யாராவது குழம்பு வைத்துவிட்டார்களா? அந்த மாதிரிதான் நின்றாள் மைனி.

நான் என் போனில் போட்டுப் பார்த்தேன். என் படங்கள் வந்தன. மைனியின் படங்களைக் கேட்டால் மட்டும் சுற்றல். மருமகள் சொன்னபடி என் பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சொருகினேன். பிரிட்ஜ் சூட்டினால் இருக்குமோ என்று பெட்டியை இறக்கி அரிசி டிரம் மேல் வைத்தேன். அதற்கும் சுற்றல்தான்.

சனிக்கிழமை பஸ் ஏறிக் குற்றாலம் போனேன். குரங்கு வயரைக் கடித்திருக்கும் என்பது என் சந்தேகம். அந்த ஊர்க் குரங்குகள் மைனியின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வயர் முழுசாக இருந்தது. ஒரு தடவையாவது அவை குற்றமற்றவை. போனில் மருமகளும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அம்மா பெட்டி நல்லாத்தான் இருக்கு அத்தை. அது கேட்டுக்கிட்டேதான் இருக்கு. பதில் சொல்லத்தான் ஆள் இல்ல. வைக்கும்போதே காலியாத்தான் வச்சேன், மெதுவா வடகரையில இருந்து எடுத்துக்கிடும்னு நெனச்சேன். வடகரைப் பெட்டி குடுக்கல போல."

மைனி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் அப்பமே நெனச்சேன். அவன்தான் அமுக்கி வச்சிருக்கான். என் புருசனத்தான் குடிகாரனாக்குனான். இப்பம் எனக்கு மூஞ்சியே இல்லாம ஆக்கப் பாக்கான்."

"நீங்க படுங்க மைனி, நெஞ்சு..."

"நெஞ்சு கெடக்கட்டும்ட்டி, அவனுக்குப் போனப் போடு."

நான் வாசலுக்கு வந்து போட்டேன். தம்பி சிரித்தான். "இங்கன லிஸ்ட் தண்ணி மாதிரி வருதே அக்கா! மைனி படம் ஆயிரக்கணக்குல கெடக்கு. உங்க போன்ல என்ன கோளாறோ?"

அப்படியானால் ஐந்தருவிப் படத்தை எடுத்துச் சாதாரணமாகப் போனில் அனுப்பிவிடு என்று மருமகள் அவனிடம் சொன்னாள். நல்ல யோசனைதான். ஆனால் அவன் அனுப்பியது, ஏதோ கல்யாணப் பந்தியில் மைனி வாயில் முழு வடையோடு கண்ணை உருட்டிக்கொண்டு இருக்கிற படம். கீழே, "ஐந்தருவி கிடைக்கவில்லை. இது இயற்கையாக இருக்கிறது" என்று எழுதியும் இருந்தான்.

மைனி அதைப் பார்த்ததும் அவள் நெஞ்சைவிட என் நெஞ்சுதான் அதிகம் அடித்தது.

"பாத்தியாட்டி! என் புருசனுக்குத் தும்மல், எனக்கு வடை! சவத்து மூதி, குடும்பத்துக்கே போஸ்டர் அடிக்கப் பொறந்தவன் மாதிரி! இவன் எடுத்துக் குடுக்கப் படம் எனக்கு வேண்டாம். லிஸ்ட எனக்குத் தொறந்து விடச் சொல்லு. நானே பாக்கேன், நானே எடுக்கேன். இல்லன்னா திங்கக்கெழமை நான் எங்கயும் வரல. இங்கனயே கெடந்து சாவுதேன்."

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவள் உதடு நீலம் பாரித்திருந்ததை நான் பார்த்தேன். ஞாயிறு ஒரு நாள்தான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை வடகரைக்கு பஸ் ஏறினேன். தம்பி வீட்டில் பெட்டி கூடத்து அலமாரியில் இருந்தது. மூன்று இடத்தில் சந்தனம், நடுவில் குங்குமம், புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தது. எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. அந்த வீட்டில் கிரைண்டர், மோட்டார் பைக், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு இருந்தது. பச்சை லைட்டும் ஜம்மென்று எரிந்தது.

மருமகள் ஸ்பீக்கரில் இருந்தாள். என் போனையும் தம்பி போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லிஸ்டைத் திறக்கச் சொன்னாள். அவனுடையதில் படபடவென்று மைனியின் படங்கள் வந்து விழுந்தன. என்னுடையதில் சுற்றல்.

"பாத்தியா அக்கா, நான் ஒளிச்சா வச்சிருக்கேன்? கண்ணத் தொறந்து பாரு" என்றான்.

"சித்தப்பா, ஒங்க போன் ஒங்க பெட்டியத்தான் கேக்கு. அது தன்கிட்ட இருக்கத எடுத்துக் காட்டுது. அது மத்த பெட்டிகூடப் பேசுதாங்குறதுதான் கேள்வி. நான் சொல்லுதத அடிங்க" என்றாள் மருமகள். அவள் சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் அவன் அடித்தான். பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெட்டியைக் கேட்கிற கேள்வியாம் அது. பதிலில் ஒன்றுமே இல்லை. வெறும் காலி.

"யாருமே இல்லங்கு" என்றான் தம்பி.

அடுக்களையிலிருந்து தம்பி பெண்டாட்டி சொன்னாள்: "இவுகளுக்குத் தோதான பெட்டிதான். தானே பேசித் தானே கேட்டுக்கிடுது."

"நீ தோசையப் பாரு" என்றான் அவன்.

மருமகள் யோசித்தாள். நெட் இருக்கிறது, லைட் எரிகிறது, ஆனால் யாரோடும் சேரவில்லை. "பெட்டிய எப்பவாவது கழத்துனீங்களா சித்தப்பா?"

"கழத்தவே இல்ல."

"இடி மின்னலுக்கு?"

"தொடவே மாட்டேன். நீதான தொடாதீங்கன்ன."

"சரி, பெட்டிக்கு மேல ஒரு நம்பர் ஒட்டியிருப்பேன், அத வாசிங்க."

தம்பி பெட்டியை வெளிச்சத்தில் திருப்பினான். "இரு, சந்தனம் மறைக்கி. சொரண்டிட்டுச் சொல்லுதேன்."

"சந்தனமா? அதுல எதுக்கு சந்தனம்?"

"இதென்ன கேள்வி? சரஸ்வதி பூசைக்கு வச்சது. மோட்டார் வச்சேன், மம்பட்டி வச்சேன், தேங்கா உரிக்க பாரை வச்சேன். குடும்பமே இதுக்குள்ள இருக்குன்னு நீதான சொன்ன? அப்பம் இத மட்டும் ஒதுக்கவா? ஏடுகளுக்கு மேல, அம்பாள் காலடியில வச்சேன்."

"வயரோடயா வச்சீங்க?"

"வயரோட எப்படி வைக்க? கழத்தித் தொடச்சுத்தான் வச்சேன்."

"கழத்தவே இல்லன்னீங்க!"

"அது பூசைக்குட்டி. அதக் கழத்துனதுல சேப்பியாக்கும்?"

மருமகள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத குரலில் கேட்டாள்: "எப்பம் வச்சீங்க, எப்பம் எடுத்தீங்க?"

"சாயங்காலம் பூசைக்கு வச்சு, மறுநாள் விஜயதசமிக்குப் பிரிச்சு எடுத்தோம். நடுவுல தொடப்பிடாதுல்லா. ஒனக்குத் தெரியாதா?"

மருமகள் சாவியை மாற்றியது அந்தச் சாயங்காலம்தான். காலையில் லைட் எரிகிறது என்று எல்லோரும் சொல்லிவிட்டோம். அவள் வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்தபோது, வடகரைப் பெட்டி நெல்பொரிக்கும் சுண்டலுக்கும் நடுவில் தவத்தில் இருந்திருக்கிறது. மறுநாள் எழுந்து வந்தது, பழைய சாவியோடு. தன் லைட் எரிகிறது, தன் லிஸ்ட் வருகிறது, அதற்கு ஒரு குறையும் தெரியவில்லை. வெளியே குடும்பமே பூட்டை மாற்றிவிட்டது அதற்குத் தெரியாது. புதுச் சாவிக்காரர்கள் கூப்பிடுவது அதன் காதில் விழவும் விழாது.

"அன்னைக்கு வடகரை மட்டும் பதில் சொல்லல. மின்னலுக்குக் கழத்தியிருப்பீங்க, நாளைக்குப் பாத்துக்கிடலாம்னு விட்டேன். மறுநாள் ஆபீஸ் போனதும் எல்லாம் மறந்துபோச்சு" என்றாள் மருமகள். படித்தவளுக்கும் என் வியாதிதான். எனக்கு ஆறுதலாக இருந்தது.

மிச்சம் சின்ன வேலை. அவள் அனுப்புகிற புதுச் சாவியைத் தம்பி தன் பெட்டியில் போட்டு, ஒரு தடவை அணைத்து எழுப்பவேண்டும். அவள் பெட்டி புதுச் சாவிக்கு மாறிவிட்டதால் அங்கிருந்தே உள்ளே நுழைய வழியில்லை; நேரில் திறக்கிற ரகசிய வார்த்தை தம்பிக்குத்தான் தெரியும். தம்பி போனைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

"மைனி கேக்கட்டும்."

"என்னலே இது?" என்றேன்.

"நான் அமுக்கி வச்சிருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லுதாவல்லா? அவுக வாயால எங்கிட்ட கேக்கட்டும். அண்ணன் போனதுலேருந்து ஒரு நல்லது கெட்டதுக்குக் கூப்பிட்டாவளா? வடை படத்துக்கு மட்டும் திட்டத் தெரியுது."

நான் யாருக்கும் நியாயம் சொல்லிப் பழக்கமில்லாதவள். அதனால் குற்றாலத்துக்குப் போனைப் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி, தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். மைனி எடுத்தாள்.

"என்னட்டி, கெடச்சா?"

நான் போனைத் தம்பி பக்கம் நகர்த்தினேன். தோசைக்கல் மட்டும் சொய்ங் என்றது.

"யாரு அங்கன மூச்சு வாங்குதது? ஏலே, நீதானா?"

"ஆமா. நான்தான்."

"தோசை திங்கியாக்கும்."

"இன்னும் திங்கல."

"உன்கிட்ட நான் கெஞ்சுவேன்னு உக்காந்திருக்கியோ? நீ மூக்கொழுகிட்டுத் திரிஞ்ச காலத்துல நான்தாம்லே தொடச்சுவிட்டேன்."

"அதுக்காவ கொலைகாரன் மாதிரி பேசுதீங்களே மைனி. வேணும்னேயா அந்தப் படத்தப் போட்டேன்? அண்ணன் அங்கன கெடக்கான். கடைக்காரன் போட்டோ போட்டோங்கான். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணி. எது கைக்கு வந்துச்சோ அதக் குடுத்தேன். தும்முதானா சிரிக்கானான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் வீட்டு டிவி சத்தம் கேட்டது. அதை அணைக்கிற சத்தமும் கேட்டது.

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா."

"நீங்க மயங்கிக் கெடந்தீங்க."

"எழுப்பியிருக்கணும்லே. நல்ல படம் பீரோவுலயே இருந்துச்சு."

"சரி, எழுப்பாதது தப்புதான்."

"வடை?"

"வடை நெசமாவே நல்லாருக்குன்னுதான் அனுப்புனேன்."

"கூறுகெட்ட மூதி. சரி, கேக்கேன். போதுமா? லிஸ்டத் தொறந்து விடுலே."

தம்பி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டான். மருமகள் அனுப்பிய சாவியை ஒட்டினான். பெட்டியை அணைத்தான், எழுப்பினான். பச்சை லைட் எப்போதும் போலத்தான் எரிந்தது. ஆனால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று மறுபடி கேட்டபோது, தென்காசி, குற்றாலம், திருவனந்தபுரம் என்று வரிசையாக வந்தன. "எல்லாரும் வந்துட்டாவ" என்றான் தம்பி, பந்திக்கு ஆள் வந்துவிட்ட மாதிரி. பெட்டியைப் பார்த்துக் கும்பிடு வேறு போட்டான்.

குற்றாலத்தில் லிஸ்ட் ஊறிக்கொண்டு வந்தது. மைனி ஒவ்வொன்றாகப் பார்த்துப் போனிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். "இது யாரு, உங்க சித்தியா? பல்லு கட்டும் முன்ன எடுத்தது... இதுல நீ இருக்கட்டி, தூண் மறைக்கி... சீ, இந்தச் சேலைய நான் கட்டவே கூடாது... வடை வந்துட்டு, சனியன்..." எங்களுக்குத் தோசை ஆறிக்கொண்டிருந்தது. யாரும் சாப்பிடவில்லை.

அப்புறம், "இந்தா" என்றாள்.

என் போனிலும் இப்போது லிஸ்ட் வந்துவிட்டது. அவள் சொன்ன இடத்தைத் தொட்டேன். ஐந்தருவி. மைனி தலை சொட்டச் சொட்ட, கண்ணில் தண்ணீர் போய், சிரித்துக்கொண்டு வருகிறாள். பின்னால் வெள்ளையாக அருவி. படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை உள்ளே நீண்டு, அவளுக்குத் துண்டு கொடுக்கிறது. கைக்கு உரியவன் படத்துக்கு வெளியே நிற்கிறான். கையை மட்டும் பார்த்தாலே எனக்குத் தெரியும், அண்ணன் கை.

"அந்தக் கைய வெட்டிராதீங்க" என்றாள் மைனி.

"வெட்டாம எப்படிப் போஸ்டர் அடிக்க?" என்றான் தம்பி. "யாரு கைன்னு ஊரு கேக்கும்லா."

"கேக்கட்டுமே. செத்த பொறவாவது என்னப் பத்தி ஊரு கொஞ்சம் சுவாரசியமாப் பேசட்டும்."

தம்பி படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான். "துண்டு நம்ம வீட்டுத் துண்டு" என்றான்.

திங்கட்கிழமை மைனி ஆஸ்பத்திரிப் படி ஏறினாள். காரை ஓட்டிக்கொண்டு போனது தம்பிதான். திருநெல்வேலி வரை அவன் ஓட்டுகிற லட்சணத்தைத் திட்டிக்கொண்டே போனாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும், பக்கத்துக் கட்டில் அம்மாள் குறட்டை விடுகிறாள், வேறு இடம் மாற்றுங்கள் என்றாள். அதைக் கேட்டபிறகுதான் மருமகள் அழுதாள்.

படம் இப்போது எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது, கையோடு. போஸ்டருக்கு இப்போதைக்கு வேலை இல்லை. தம்பிக்கும் ஆசை வந்து, தனக்கு ஒன்று எடுத்து வைக்கச் சொல்லி மைனியிடம் கேட்டிருக்கிறான். அவன் லிஸ்டைப் பாதிவரை பார்த்திருக்கிறாளாம், இதுவரை ஒன்றும் தேறவில்லையாம்.

இதை எழுதி முடித்துவிட்டு மருமகளுக்கு அனுப்புகிறேன். நீ ஒரு தடவை பார்த்துவிடு, மருமகளே. சாவி விஷயம் நான் எழுதியது சரிதானா, அதை அணைத்து எழுப்பும் முன்னால் போடவேண்டுமா பின்னால் போடவேண்டுமா, அன்று தம்பி பெட்டியைப் பூசைக்கு வைத்தது சாயங்காலம்தானா, மத்தியானமா, எனக்கு நிச்சயமில்லை. தப்பு இருந்தால் திருத்திவிடு. உன் அம்மா பேசியதை மட்டும் திருத்தாதே. அதெல்லாம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. எழுதக் கூசி விட்டுவிட்ட வசவும் கொஞ்சம் இருக்கிறது.